கூடாரத்துக்குள் தணல் வேண்டாம்: மேல்மலை முகாம் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்மலையில் கூடார முகாம் நடத்தும் அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி என்று கொடைக்கானலைத் தாண்டி விரிந்து கிடக்கும் ஊர்களில் மார்கழியிலும் தையிலும் விருந்தாளிகளுக்குக் கூடாரம் அடித்துக் கொடுக்கும் உங்கள் அனைவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் வத்தலக்குண்டுக்காரன். என் அப்பா மேல்மலையிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றிவரும் லாரி ஓட்டியவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை உங்கள் ஊர்களுக்கு வந்திருக்கிறேன். விடியற்காலையில் மூட்டை ஏற்றி முடிக்கும்வரை யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் என்னை உட்காரவைத்து, கையில் கருப்பட்டிக் காப்பியைத் தருவார்கள். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

போன ஜனவரியில் உங்களில் ஒருவருடைய முகாமில் நாங்கள் நான்கு பேர் தங்கினோம்: என் அம்மா, என் மனைவி, தங்கையின் எட்டு வயது மகள், நான். முகாமின் பெயரை எழுதப் போவதில்லை. அன்று நடந்தது எந்த முகாமிலும் நடந்திருக்கக்கூடியது. அங்கே எங்களைக் கவனித்துக்கொண்ட பையனைப் போல அன்பானவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரிவில் எட்டுக் கூடாரங்கள். கீழே படிப்படியாகப் பூண்டு வயல்கள். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய சிறிது நேரத்தில் பேசும்போதே வாயிலிருந்து ஆவி பறந்தது. வெளியே விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். சப்பாத்தியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டோம். தங்கை மகள் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டே வந்து, முந்நூறைத் தாண்டியதும் தூக்கத்தில் சாய்ந்தாள். ஒன்பதரை மணிக்குக் கூடாரத்துக்குள் போனோம்.

படுத்த பிறகுதான் குளிர் தெரிந்தது. ஒரு தார்ப்பாய், அதன்மேல் விரலளவு கனமுள்ள ஒரு நுரைமெத்தை, ஆளுக்கு இரண்டு கம்பளி. கம்பளியைத் தொட்டால் ஈரம் ஒட்டியது. "மேலே எல்லாம் சரிதான்டா, அடியிலிருந்தல்லவா ஏறுகிறது" என்றார் அம்மா. வெளியே நின்ற பையனுக்கு அது கேட்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் ஓர் இரும்புச் சட்டி நிறையத் தணலோடு வந்தான். கூடாரத்தின் தரை பொசுங்கிவிடாமல் இரண்டு செங்கல்லை வைத்து, அதன்மேல் சட்டியை வைத்தான். கரியெல்லாம் வெளியிலேயே நன்றாகக் கனிந்து, புகை அடங்கியிருந்தது. "புகை வராது பாட்டி, தணல்தான். நிம்மதியாகத் தூங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, குளிர் புகாதபடி ஜிப்பை வெளியிலிருந்து அவனே கடைசிவரை இழுத்து மூடினான். நான் கொடுத்த ஐம்பது ரூபாயை வாங்க மறுத்துவிட்டான்.

இரவு ஒரு மணி இருக்கும். "மாமா, தலை வலிக்குது" என்று பிள்ளை அழுதாள். எழுந்து உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தாள். எனக்கும் நெற்றிப்பொட்டில் சுத்தியால் அடிப்பதுபோல் வலி. மலைப்பாதை வளைவுகளால் வந்த பிரட்டல் என்றாள் மனைவி. எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்தேன். உயரம் காரணமாக இருக்குமோ என்றும் தோன்றியது. கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி மருந்துப் பையில் இருந்தது. பிள்ளையின் விரலில் மாட்டினேன். 98 காட்டியது. இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம். அந்த எண்ணை நம்பி இன்னும் கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது முறை அவளுக்குக் குமட்டியபோது, படுக்கை பாழாகிவிடக் கூடாதே என்பதற்காக மட்டும்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போக எழுந்தேன். முழங்கால் மடங்கியது. ஜிப்பின் நாக்கைப் பிடிக்க விரல்கள் கட்டுப்படவில்லை. எப்படியோ திறந்து, பிள்ளையோடு பனி படிந்த புல்லில் விழுந்தேன். இரண்டு மூன்று நிமிடம் அந்தக் குளிர்ந்த காற்றை இழுத்த பிறகுதான் புத்தி தெளிந்தது. திரும்பிப் பார்த்தேன். கூடாரத்தின் மூலையில் சட்டி. மேலே வெள்ளையாகச் சாம்பல், அடியில் சிவப்பு. அம்மாவைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மனைவியும் நானும் அவரைக் கம்பளியோடு சேர்த்து இழுத்து வெளியே கொண்டுவந்தோம். அவர் கண் திறக்க ஆன அந்தச் சில நிமிடங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த பையன்தான் எங்களை ஜீப்பில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். வழி நெடுக அழுதுகொண்டே வந்தான். பணியிலிருந்த மருத்துவர் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "நான்கு பேருக்கும் தலைவலியா? உள்ளே நெருப்பு வைத்திருந்தீர்களா?" நால்வருக்கும் ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். மதியத்துக்குள் எழுந்து நடந்தோம். அம்மாவை மட்டும் இன்னும் ஒரு நாள் வைத்திருந்தார்கள்.

அந்த மருத்துவர் சொன்னதையும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. கரித்தணலில் அது மிக அதிகம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஒட்டிக்கொள்ளும் பற்று, ஆக்சிஜனுக்கு இருப்பதைப்போல 200 மடங்குக்கும் மேல். ஒரு முறை ஒட்டிவிட்டால் எளிதில் விடாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறையும். பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு முதலில் ஏறும். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் பேராபத்து. உறங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. தலைவலி வந்து விழித்துக்கொண்ட நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

என்னை ஏமாற்றிய அந்த 98 பற்றியும் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே கணக்கிட்டு நல்ல எண்ணைக் காட்டும். உங்கள் முகாம்களில் முதலுதவிப் பெட்டியில் அந்தக் கருவி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் அதை நம்பாதீர்கள். உயரத்தின் மீதும் பழியைப் போடாதீர்கள். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். உங்கள் ஊர்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. ஒரே கூடாரத்தில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், குமட்டினால், முதலில் எல்லோரையும் வெளியே இழுத்துப் போடுங்கள். அதற்குப் பிறகு 108. காரணத்தை மற்றவர்கள் ஆராயட்டும்.

"எங்கள் தாத்தன் காலத்திலிருந்து வீட்டுக்குள் கணப்பு வைத்துத்தான் தூங்குகிறோம், ஒன்றும் ஆனதில்லையே" என்று உங்களில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் சிறுவனாக உட்கார்ந்திருந்த அந்த அடுப்படிகளை நினைத்துப் பார்க்கிறேன். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி இருக்கும். கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரியும். விறகு எரியும், புகை கண்ணைக் கரிக்கும், தாங்க முடியாமல் யாராவது எழுந்து கதவைத் திறப்பார்கள். அந்த வீடும் அந்தப் புகையும் சேர்ந்து உங்களைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. நைலான் கூடாரம் அப்படியல்ல. மழையும் காற்றும் புகாதபடி தைத்தது. கரித்தணலும் விறகைப் போன்றதல்ல, புகையே தராது. புகையில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அந்தப் பையன் எச்சரிக்கை செய்யக்கூடிய ஒன்றே ஒன்றையும் வெளியிலேயே எரித்துத் தீர்த்துவிட்டுத் தணலை உள்ளே கொண்டுவந்தான்.

ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்றால், போதாது. நெருப்பு அணைந்துவிட்டதே என்றால், நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். சாம்பல் மூடிய கரி மணிக்கணக்கில் வாயுவை விட்டுக்கொண்டேயிருக்கும். இறைச்சி சுட்ட அடுப்பைப் பனியில் நனையாமல் இருக்கட்டும் என்று கூடாரத்தின் முன்மறைப்புக்குள் தள்ளி வைக்கும் பழக்கத்தையும் பல முகாம்களில் பார்த்திருக்கிறேன். அதுவும் அதே ஆபத்துதான். கேஸ் ஹீட்டரும் அப்படியே.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலையில் விடுதி அறை ஒன்றில் கேரளத்திலிருந்து சுற்றுலா போனவர்கள் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். குளிருக்காகக் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கதவு ஜன்னல்களை அடைத்துத் தூங்கியிருந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலிலேயே கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய நண்பர்களில் இருவர் விடியும்போது உயிரோடு இல்லை. அவை சுவர் எழுப்பிய அறைகள். கூடாரத்துக்குள் இருக்கும் காற்று அதைவிட எவ்வளவு குறைவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். "உள்ளே நெருப்பு வைக்காதீர்கள்" என்று பலகை எழுதி மாட்டினால் மட்டும் இது நிற்காது. அன்று இரவு என் அம்மாவுக்கு நெருப்பின் மேல் ஆசையில்லை. படுக்கை சரியில்லாததால்தான் அவர் புலம்பினார். படுக்கையைச் சரிசெய்தால் தணல் கேட்கும் குரலே எழாது. இதைத்தான் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: கரிக்குச் செலவிடும் பணத்தையும் அக்கறையையும் படுக்கைக்கு மாற்றுங்கள்.

அடியிலிருந்து ஏறுகிறது என்று அம்மா சொன்னாரே, அதுதான் முழு உண்மை. உடலின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். நமக்கு அடியில் இருக்கும் கம்பளி நம் எடையில் நசுங்கி, அதற்குள் இருக்கும் காற்று போய்விடுவதால் அது பயன்படாது. மேலே நான்காவது கம்பளி போர்த்துவதைவிட, கீழே நசுங்காத கெட்டி நுரைப்பாய் ஒன்றைக் கூடுதலாக விரிப்பது மேல். முடிந்த இடங்களில் மரச்சட்டம் அடித்து, தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல் கூடாரம் போடுங்கள். பலகைக்கு அடியில் காற்று ஓடும் என்பதால் அதன்மேலும் பாய் வேண்டும். இரண்டும் இருந்தால் ஈரமும் ஏறாது.

அடுத்தது ஈரம். உறங்குகிறவர்களின் மூச்சு ஆவியாகிக் கூடாரத்தின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் அடைத்தால் அது கம்பளியில்தான் சொட்டும். மேலே உள்ள காற்றுத் திறப்புகளை மூடாமல் விடச் சொல்லுங்கள். காலையில் விருந்தாளி கிளம்பியதும் கம்பளிகளை மடித்து அடுக்கிவிடாமல், மதிய வெயிலில் விரித்துப் போடுங்கள். மேல்மலையின் குளிர்கால வெயில் எவ்வளவு சுள்ளென்று இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அசல் ஆட்டுரோமக் கம்பளிக்கு ஒரு குணம் உண்டு, கொஞ்சம் ஈரம் பட்டாலும் சூடு காக்கும். செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் மன்னவனூரிலேயே இருக்கும்போது, உங்கள் கூடாரங்களில் மட்டும் பாலியஸ்டர் போர்வை இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஸ்லீப்பிங் பேக் வாங்குகிறவர்கள் சீட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நிம்மதியாக உறங்கும் வெப்பநிலை ஒன்று, உயிரை மட்டும் பிடித்துக்கொள்ளும் வெப்பநிலை வேறொன்று. பல சமயம் இரண்டாவதைத்தான் பெரிதாகப் போடுவார்கள்.

கூடாரம் அடிக்கும் இடத்தையும் ஒரு முறை யோசியுங்கள். படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று நீரோடைக்கும் ஏரிக்கும் அருகில், பள்ளத்துப் புல்வெளியில் அடிக்கிறீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் விழுவது அங்கேதான். உருளைக்கிழங்குச் செடி எந்த வயலில் முதலில் கருகும் என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்த வயலில் விருந்தாளியைப் படுக்கவைக்காதீர்கள். கொஞ்சம் மேலே, சரிவின் நடுவில் ஒரு மேடு போதும், வித்தியாசம் உடனே தெரியும். வானம் தெளிந்த இரவுதான் கூடுதலாகக் குளிரும். அந்தத் தெளிந்த வானத்தை நம்பித்தான் 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடத்தையே தொடங்கினார்கள். விருந்தாளி நட்சத்திரத்துக்காக மகிழும் இரவு எதுவோ, அந்த இரவில் கூடுதலாக ஒரு பாயை எடுத்துக் கொடுங்கள்.

வெந்நீர்ப் பை என்று ரப்பரில் விற்கிறார்களே, அதைக் கொதிக்கவிடாத சுடுநீரால் நிரப்பி, இறுக மூடி, ஒரு துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தால் வெகுநேரம் கதகதப்பு இருக்கும். சமையல் அடுப்பு எப்படியும் எரிந்துகொண்டிருக்கிறது, ஒரு பானைத் தண்ணீர் கூடுதலாக வைப்பது பெரிய செலவில்லை. படுக்கும் முன் உலர்ந்த காலுறை மாற்றச் சொல்லுங்கள். குடித்தால் சூடேறும் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விருந்தாளிகளிடம் வளர்க்காதீர்கள். மது தோலுக்கு ரத்தத்தை இழுத்து உடலின் சூட்டை வெளியேற்றும். தலைவலி வந்தாலும் எழுப்பாது.

இன்னொன்று. உங்களிடம் வேலை செய்யும் பையன்கள் எங்கே தூங்குகிறார்கள்? விருந்தாளிகள் உறங்கிய பிறகு, சாமான் வைக்கும் தகரக் கொட்டகையில், சமைத்த அடுப்பின் மிச்சத் தணலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சுருண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்காவது ஓர் இரவு. அவர்களுக்கு அது இரண்டு மாதம். விருந்தாளிக்குக் கொடுக்கும் அதே பாயையும் கம்பளியையும் அவர்களுக்கும் கொடுங்கள்.

மறுக்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுங்கள். "காசு கொடுத்திருக்கிறோம், தணல் வை" என்று அதட்டும் விருந்தாளி வரத்தான் செய்வார். பதினெட்டு வயதுப் பையன் அவரை எதிர்த்துப் பேசமாட்டான். "உள்ளே வைக்கக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், வேண்டுமானால் நீங்களே அவரிடம் பேசுங்கள்" என்று உங்கள் பெயரைச் சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழி வேண்டும். முன்பதிவு செய்யும்போதே நீங்கள் இதைச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. கார்பன் மோனாக்சைடு இருந்தால் அலறும் சிறிய பேட்டரிக் கருவிகள் கிடைக்கின்றன. கூடாரத்துக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள், ஆனால் அது இருக்கிறதே என்று தணலை உள்ளே விடாதீர்கள்.

இதையெல்லாம் வெளியே சொன்னால் முகாம்களையே மூடிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. எனக்குப் புரிகிறது. பூண்டு விலை போகாத ஆண்டில் பிள்ளைகளின் படிப்புக்கு இந்தக் கூடாரங்கள்தான் கைகொடுத்தன என்று அந்த முகாமின் உரிமையாளரே என்னிடம் சொன்னார். புகார் கொடுப்பீர்களா என்று கேட்க வந்தவர், அம்மாவின் கட்டிலருகே நின்று கேட்காமலேயே திரும்பினார். நான் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல். இப்படி ஒன்று நடந்து அடங்கிப்போனதை நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் மறைத்தால், பக்கத்துச் சரிவில் இருக்கும் முகாமில் இன்று இரவு யாரோ ஒரு பையன் அதே அன்போடு இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவான்.

இந்தத் தையிலும் வருகிறோம். அதே முகாம்தான். அம்மா வர மாட்டார் என்று நினைத்தேன், அவர்தான் முதலில் பெட்டியை எடுத்து வைத்தார். நான்கு நுரைப்பாய்கள் நாங்களே கொண்டுவருகிறோம், போகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போவோம். வெளியே தீ மூட்டுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வோம். படுக்கப் போகும் முன் அந்தப் பையனிடம் அம்மாவின் வெந்நீர்ப் பையை மட்டும் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வத்தலக்குண்டிலிருந்து உங்கள் பழைய விருந்தாளி